ஒரு கண் பார்வையின்றி என்எச்எல் பனித்தளத்தில்: நிறத்தடையைத் தாண்டிய வில்லி ஓ'ரீயின் கதை

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் (என்எச்எல்) அவர் ஆடிய ஆட்டங்கள் மொத்தம் 45. அடித்த கோல்கள் 4. ஆயிரம் ஆட்டங்களைக் கடந்த வீரர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும் லீக்கில் இது மிகச் சிறிய கணக்கு. ஆயினும் 2022 ஜனவரி 18-ஆம் தேதி, பாஸ்டன் புருயின்ஸ் அணி அவர் அணிந்திருந்த 22-ஆம் எண்ணை இனி வேறு எந்த வீரருக்கும் வழங்குவதில்லை என்று கூறி, அந்த எண்ணைத் தனது அரங்கின் கூரையில் ஏற்றியது. மறுநாள் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவை, அவருக்கு நாடாளுமன்றத் தங்கப் பதக்கம் வழங்கும் மசோதாவை 426-0 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது.

அந்த வீரரின் பெயர் வில்லி ஓ'ரீ. கனடாவைச் சேர்ந்தவர். என்எச்எல் வரலாற்றில் களமிறங்கிய முதல் கறுப்பின வீரர். இந்த ஒரு வரியோடு அவரது அறிமுகம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆனால், அவர் பனித்தளத்தில் காலடி வைத்தபோது அவருக்கு எதிராக இருந்தவை இரண்டு தடைகள். ஒன்று அனைவர் கண்ணுக்கும் தெரிந்த நிறம். மற்றொன்று, அணி நிர்வாகமும் மருத்துவர்களும் சக வீரர்களும் அறியாத ரகசியம்: அவரது வலது கண்ணில் பார்வை இல்லை.

நிறத்தைத் தடையாக எந்த விதியும் எழுதிவைக்கவில்லை. கண்ணைப் பற்றியோ எழுதப்பட்ட விதியே இருந்தது. ஒரு கண் பார்வையற்றவர் லீக்கில் ஆட முடியாது. அது வெளியே தெரிந்திருந்தால் 45 ஆட்டங்கள் அல்ல, ஓர் ஆட்டம்கூட அவருக்குக் கிடைத்திருக்காது.

பிரெடெரிக்டன் நகரின் பனியில்

ஹாக்கி என்றவுடன் இந்திய வாசகர்களுக்கு நினைவுக்கு வருவது புல்தரையில் ஆடப்படும் ஆட்டம். லடாக்கில் குளிர்காலத்தில் உறைந்த நீர்நிலைகளின்மீது ஆடப்படும் ஐஸ் ஹாக்கி, நாட்டின் மற்றப் பகுதிகளில் அவ்வளவாக அறியப்படவில்லை. சுமார் 61 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் கொண்ட பனித்தளத்தில், கோல்கீப்பர் உட்பட அணிக்கு 6 பேர் சறுக்குக் காலணிகளோடு ஆடுவது அது. பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டு. அதன் எடை ஏறக்குறைய 170 கிராம். வலுவாக அடிக்கப்படும் வட்டு மணிக்கு 150 கிலோமீட்டரையும் தாண்டிப் பறக்கும். எதிரணி வீரரை உடலால் மோதித் தடுப்பது விதிகளுக்கு உட்பட்டது. ஓ'ரீ ஆடிய காலத்தில் அநேகமாக எவரும் தலைக்கவசம் அணியவில்லை. கோல்கீப்பர்களே முகமூடி இல்லாமல்தான் நின்றார்கள். மான்ட்ரியால் அணியின் ஜாக் பிளாண்ட், 1959 நவம்பர் 1-ஆம் தேதி முகம் கிழிந்து தையல் போடப்பட்ட பிறகு முகமூடியுடன் திரும்பி வந்த பின்புதான் அந்த வழக்கமே வேரூன்றத் தொடங்கியது.

கனடாவின் கிழக்குக் கரையோரத்தில் உள்ள நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் தலைநகர் பிரெடெரிக்டன். அங்கு 1935 அக்டோபர் 15-ஆம் தேதி ஓ'ரீ பிறந்தார். 13 குழந்தைகள் கொண்ட குடும்பத்தில் கடைசிப் பிள்ளைகளில் ஒருவர். அவரது முன்னோர், அமெரிக்காவின் அடிமை முறையிலிருந்து தப்பிக் கனடாவுக்கு வந்தவர்கள். தாம் வளர்ந்த காலத்தில் அந்த நகரில் இரண்டே கறுப்பினக் குடும்பங்கள் இருந்ததாக அவர் கூறியுள்ளார். நடக்கப் பழகிய சில காலத்திலேயே சறுக்கக் கற்றுக்கொண்டார். ஐந்து வயதில் முறையான ஹாக்கி ஆட்டம் தொடங்கிவிட்டது. குளிர்காலத்தில் தந்தை வீட்டின் பின்புறம் தண்ணீரைப் பாய்ச்சி உறைய வைத்துப் பனித்தளம் அமைத்துக் கொடுப்பார். எதிராளியை மோதுவது எப்படி, மோதப்படும்போது நிற்பது எப்படி என்பதை அண்ணன் ரிச்சர்டிடம் கற்றார்.

கறுப்பினத்தவர்களுக்கு இந்த விளையாட்டு புதிதும் அல்ல. பிரெடெரிக்டனுக்குப் பக்கத்து மாகாணமான நோவா ஸ்கோஷியாவின் ஹாலிபாக்ஸ் நகரில் 1895-இலேயே அவர்களுக்கென ஒரு ஹாக்கி லீக் உருவானது. என்எச்எல் தொடங்கியது 1917-இல்தான். திறமை இல்லாததால் யாரும் வெளியே நிற்கவில்லை. டொரன்டோவில் பிறந்த ஹெர்ப் கார்னகி என்ற கறுப்பின வீரர், 1940-களில் கியூபெக் மாகாண ஆட்டங்களில் தலைசிறந்தவர்களுள் ஒருவராகத் திகழ்ந்தார். 1948-இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணி அவரைப் பயிற்சி முகாமுக்கு அழைத்தது. ஆனால் கொடுக்க முன்வந்தது, கீழ்நிலை அணிகளில் ஆடுவதற்கான ஒப்பந்தம் மட்டுமே. அதைவிடக் கூடுதலாகக் கியூபெக்கிலேயே சம்பாதித்துக்கொண்டிருந்த அவர் மறுத்துவிட்டார். என்எச்எல் ஆட்டம் ஒன்றிலும் ஆடாமலேயே அவரது விளையாட்டு வாழ்க்கை முடிந்தது. அவர் இறந்து பத்தாண்டுகள் கழித்து, 2022-இல் ஹாக்கி புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

இத்தகைய சூழலில் சிறுவன் ஓ'ரீக்கு முன்மாதிரி கிடைத்தது பேஸ்பால் ஆட்டத்திலிருந்து. 1947-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ஆடி, அமெரிக்க பேஸ்பாலின் நிறத்தடையைத் தகர்த்தவர் ஜாக்கி ராபின்சன். 1949-இல் ஓ'ரீயின் சிறுவர் பேஸ்பால் அணி பட்டம் வென்றதற்குப் பரிசாக நியூயார்க் அழைத்துச் செல்லப்பட்டது. அங்கே ராபின்சனைச் சந்தித்தபோது, தாம் ஹாக்கியும் ஆடுவதாக ஓ'ரீ சொன்னார். கறுப்பினப் பிள்ளைகள் ஹாக்கி ஆடுவார்கள் என்பது ராபின்சனுக்கே வியப்பாக இருந்ததாம். 1962-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த ஒரு விருந்தில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது, அந்தச் சிறுவனை ராபின்சன் நினைவில் வைத்திருந்தார்.

பறிபோன பார்வை

1955-56 பருவத்தில் ஓ'ரீ ஒன்டாரியோ மாகாணத்தின் கிச்சனர் நகர இளையோர் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தார். ஓர் ஆட்டத்தில் கோல் கம்பங்களின் அருகே நின்றிருந்தபோது, வலுவாக அடிக்கப்பட்ட வட்டு ஒரு மட்டையில் பட்டுத் திசைமாறி அவரது முகத்தைத் தாக்கியது. வலது கண்ணின் விழித்திரை சிதைந்தது. அந்தக் கண்ணின் பார்வையில் 95 சதவீதம் போய்விட்டது. இனி ஹாக்கி ஆடவே முடியாது என்று மருத்துவர் தெரிவித்தார்.

சில வாரங்களில் அவர் மீண்டும் பனித்தளத்துக்குத் திரும்பினார். உண்மையைச் சகோதரி பெட்டியிடம் கூறினார். பெற்றோரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் ஆட்டத்தை விடச் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு கண் பார்வை போவதால் ஏற்படும் இழப்பு பாதிப் பார்வை அல்ல. இரு கண்களுக்கும் பொதுவான பகுதியை மீதமுள்ள கண்ணே பார்த்துக்கொள்ளும். முற்றிலும் மறைவது இழந்த கண்ணின் பக்கமுள்ள ஓரப்பகுதி. இதனுடன், இரண்டு கண்களும் சேர்ந்து அளிக்கும் ஆழத்தை உணரும் திறனும் குறைந்துவிடும். வேகமாக வரும் பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணிப்பது கடினமாகும்.

ஓ'ரீ இடது ஓர ஆட்டக்காரர். பனித்தளத்தின் இடது விளிம்பை ஒட்டி முன்னேறும் அவருக்கு, ஆட்டத்தின் பெரும்பகுதி நடப்பது வலப்பக்கத்தில். சக வீரர் அனுப்பும் வட்டும் அங்கிருந்துதான் வரும், மோத வரும் எதிராளியும் அங்கிருந்துதான் வருவார். அதாவது, எந்தப் பக்கத்தைப் பார்த்தாக வேண்டுமோ அந்தப் பக்கம்தான் இருண்டிருந்தது. எனவே ஒவ்வொரு முறையும் தலையை வலது தோள்பட்டை வரை முழுவதுமாகத் திருப்பி, இடது கண்ணால் வட்டைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் கைக்கு வந்தும் தவறிய வட்டுகள், கோல்முனையில் நழுவிய வாய்ப்புகள் பல. வேகமாகச் சறுக்குவார், முடிக்கத் தெரியாதவர் என்ற பெயர் அவருக்கு வந்தது. காரணம் என்னவென்று விமர்சித்தவர்களுக்குத் தெரியாது. அவரால் சொல்லவும் முடியாது.

ஒரு கண் பார்வையற்றவர்களை விலக்கும் விதிக்கு நியாயமான பின்னணி உண்டு என்பதையும் குறிப்பிட வேண்டும். அதே கிச்சனர் நகரில் 1920-களில் ஆடிய பிராங்க் டிரஷின்ஸ்கி என்ற வீரர், ஒரு கண்ணை இழந்த பின்னரும் தொடர்ந்து ஆடி, மற்றொரு கண்ணின் பார்வையிலும் பெரும்பகுதியை இழந்தார். பின்னாளில் அந்த விதியே அவரது பெயரால் அழைக்கப்பட்டது. 1939-இல் மட்டை பட்டு ஒரு கண்ணை இழந்த டொரன்டோ வீரர் ஜார்ஜ் பார்சன்ஸ், ஆட்டத்திலிருந்து விலக நேர்ந்தது. ஓ'ரீயைப் புகழும் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தை விரைவாகக் கடந்து போய்விடுகின்றன. தலைக்கவசமோ முகக்கண்ணாடியோ இல்லாத காலத்தில், அவர் ஆடிய ஒவ்வோர் ஆட்டமும் மீதமிருந்த ஒரே கண்ணைப் பணயம் வைத்து ஆடியது. அது துணிச்சலா, விபரீதமா என்று கேட்டால், இரண்டும்தான் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இந்திய ரசிகர்களுக்கு இங்கே ஒரு பெயர் நினைவுக்கு வரக்கூடும். மன்சூர் அலி கான் பட்டோடி, 1961 ஜூலையில் இங்கிலாந்தில் நேர்ந்த கார் விபத்தில் வலது கண்ணின் பார்வையை இழந்தார். அதே ஆண்டு டிசம்பரில் முதல் டெஸ்ட் போட்டியில் ஆடினார். 1962 மார்ச்சில், 21 வயதில் இந்திய அணியின் கேப்டனானார். இருவருக்கும் இழப்பு ஒன்றே, வலது கண். ஆனால் பட்டோடியின் நிலையை கிரிக்கெட் உலகம் அறிந்திருந்தது. அறிந்தும் அவரைத் தேர்வு செய்தது. ஓ'ரீக்கு அந்த வழி இல்லை. சக வீரர்களுடன் ஒரே அறையில் தங்கி, ஒரே பேருந்தில் பயணம் செய்து, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் உடற்தகுதிச் சோதனைக்கு நின்றபடியே அவர் அதை மறைத்தார். அந்தக் காலத்துச் சோதனைகளில் கண் பார்வையை யாரும் பரிசோதிக்கவில்லை என்பதே அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

பேருந்தின் பின்னிருக்கை

ஹாக்கியைப் போலவே பேஸ்பாலிலும் ஓ'ரீக்குத் திறமை இருந்தது. 1956-இல் மில்வாக்கி பிரேவ்ஸ் அணி, அமெரிக்காவின் தென்மாநிலமான ஜார்ஜியாவில் நடந்த தனது தேர்வு முகாமுக்கு அவரை அழைத்தது. பெற்றோர் தயங்கினார்கள். அவர் சென்றார். அட்லான்டாவில் விமானத்திலிருந்து இறங்கியதும் கண்ணில் பட்டவை, வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனியே எழுதிவைக்கப்பட்ட கழிப்பறைப் பலகைகள். முகாமிலும் கறுப்பின வீரர்களுக்குத் தனித் தங்குமிடம். வெளியே சென்றால் வசைகள்.

தேர்வில் இடம் கிடைக்கவில்லை. பேருந்தில் ஊர் திரும்பினார். ஜார்ஜியாவில் ஏறும்போது பின்னிருக்கையில்தான் அமர முடிந்தது. வடக்கே செல்லச் செல்ல இருக்கை இருக்கையாக முன்னே நகர்ந்து, கனடா எல்லையை அடையும்போது முன்வரிசையில் அமர்ந்திருந்ததாக அவர் கூறுவார். பேஸ்பாலை மறந்து ஹாக்கியில் மட்டும் கவனம் செலுத்துவது என்ற முடிவை அந்தப் பயணத்திலேயே எடுத்தார்.

அதே ஆண்டு கியூபெக் ஏசஸ் என்ற தொழில்முறை அணியில் சேர்ந்தார். அது கார்னகி ஒரு காலத்தில் ஆடிய அணி. பயிற்சியாளர், பின்னாளில் டொரன்டோவுக்குப் பல கோப்பைகளை வென்று தந்த பஞ்ச் இம்லாக். ஓ'ரீயின் சறுக்கு வேகம் எல்லோரையும் கவர்ந்தது. பாஸ்டன் புருயின்ஸ் அணி அவரைத் தனது முகாமுக்கு அழைத்தது.

1958 ஜனவரி 18

அன்று சனிக்கிழமை. பாஸ்டன் அணியில் ஓர் ஆள் குறைந்ததால், கியூபெக்கிலிருந்து ஓ'ரீ அவசரமாக மான்ட்ரியாலுக்கு வரவழைக்கப்பட்டார். எதிரணி மான்ட்ரியால் கனடியன்ஸ். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து முறை ஸ்டான்லி கோப்பையை வென்ற அணி அது. அந்த அணியை அதன் சொந்த அரங்கிலேயே பாஸ்டன் 3-0 என்று வென்றது. ஓ'ரீ கோல் எதுவும் அடிக்கவில்லை.

என்எச்எல் லீக்கில் கறுப்பினத்தவர் ஒருவர் ஆடிய முதல் ஆட்டம் இப்படித்தான் நடந்து முடிந்தது. முன்னறிவிப்பு இல்லை, விழா இல்லை. கியூபெக் ஏசஸ் அணிக்காக அங்கு ஏற்கெனவே பலமுறை ஆடியிருந்ததால் மான்ட்ரியால் ரசிகர்களுக்கு அவர் பழக்கமான முகம். தாம் ஒரு தடையைத் தாண்டிவிட்டோம் என்பதே மறுநாள் செய்தித்தாளைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரிந்ததாம். அந்தப் பருவத்தில் மொத்தம் இரண்டு ஆட்டங்கள். பிறகு மீண்டும் கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டார். அடுத்த அழைப்பு 1960-61 பருவத்தில் வந்தது.

அந்தப் பருவத்தில் 43 ஆட்டங்கள் ஆடினார். 1961 புத்தாண்டு நாளில் பாஸ்டன் அரங்கில், அதே மான்ட்ரியால் அணிக்கு எதிராக முதல் கோலை அடித்தார். கறுப்பின வீரர் ஒருவர் அந்த லீக்கில் அடித்த முதல் கோலும் அதுவே. பாஸ்டன் 3-2 என்று வென்றது. சொந்த ஊர் ரசிகர்கள் எழுந்து நின்று நீண்ட நேரம் கைதட்டினார்கள். பருவ முடிவில் அவர் கணக்கில் 4 கோல்களும் 10 கோல் உதவிகளும் இருந்தன.

வெளியூர்களில் நிலைமை வேறு. டொரன்டோ, மான்ட்ரியால் நகரங்களைவிட டெட்ராய்ட், சிகாகோ, நியூயார்க் அரங்குகளில் வசைகள் கடுமையாக இருந்தன என்று ஓ'ரீ கூறியுள்ளார். சிகாகோவில் நடந்த ஓர் ஆட்டத்தை அவர் பலமுறை விவரித்திருக்கிறார். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் எதிரணி வீரர் ஒருவர் மட்டையின் முனையால் அவர் வாயில் குத்தினார். முன்பற்கள் இரண்டு உடைந்தன, உதடு கிழிந்தது, மூக்கும் உடைந்தது. கூடவே நிறத்தைச் சொல்லி வசை. ஓ'ரீ தமது மட்டையால் அந்த வீரரின் தலையில் அடித்தார். இரு அணிகளும் கைகலப்பில் இறங்கின. உடைமாற்றும் அறைக்கு அனுப்பப்பட்ட அவர், அந்த அரங்கை விட்டு உயிருடன் வெளியேறுவோமா என்று அஞ்சினார்.

சண்டையைத் தாம் தேடிப் போனதில்லை, வந்தால் விலகியதும் இல்லை என்பது அவரது நிலைப்பாடு. பாஸ்டன் அணியின் சக வீரர்களும் பயிற்சியாளர் மில்ட் ஷ்மிட்டும் தமக்குத் துணை நின்றதாகவும் அவர் கூறியுள்ளார்.

கதவு ஏன் மூடியது?

1961 கோடையில், அடுத்த பருவத்திலும் பாஸ்டன் அணியில் இடம் உண்டு என்ற உறுதியுடன் ஓ'ரீ பிரெடெரிக்டன் திரும்பினார். சில வாரங்களில் தொலைபேசி அழைப்பு வந்தது. அவர் மான்ட்ரியால் அணிக்கு மாற்றப்பட்டுவிட்டார். நட்சத்திரங்கள் நிறைந்த அந்த அணியில் அவருக்கு இடம் கிடைப்பது அரிது. எதிர்பார்த்தபடியே அதன் துணை அணிக்கு அனுப்பப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில், கண்டத்தின் மறுகோடியில் உள்ள லாஸ் ஏஞ்சலிஸ் பிளேட்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அவர் என்எச்எல் ஆட்டம் ஒன்றில் மீண்டும் களமிறங்கவேயில்லை. அப்போது அவருக்கு வயது 26.

இதற்கு நிறம் மட்டுமே காரணமா என்ற கேள்விக்கு நேரடி ஆவணம் எதுவும் விடை தருவதில்லை. ஆனால் அன்றைய லீக்கின் அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் அந்தக் கேள்வியை அணுக முடியாது. 1942 முதல் 1967 வரை என்எச்எல் லீக்கில் இருந்தவை ஆறே அணிகள்: மான்ட்ரியால், டொரன்டோ, பாஸ்டன், நியூயார்க், டெட்ராய்ட், சிகாகோ. அணிக்கு ஏறக்குறைய 20 பேர் என்றால், உலகம் முழுவதற்கும் மொத்தம் 120 இடங்கள். ஒருமுறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வீரரின் உரிமை முழுவதும் அணியிடமே இருக்கும். அணி அவரை விற்கலாம், மாற்றலாம், கீழ்நிலைக்கு அனுப்பலாம். வீரர் வேறு அணியைத் தேடிக்கொள்ள முடியாது. 1957-இல் டெட்ராய்ட் நட்சத்திரம் டெட் லிண்ட்சே வீரர்களுக்கு ஒரு சங்கம் அமைக்க முயன்றார். அதே ஆண்டு அவர் சிகாகோவுக்கு மாற்றப்பட்டார். சங்கம் நிலைபெற 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட அமைப்பில், ஒருவரை ஒதுக்குவதற்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சமமான திறமையுள்ள இருவரில் யாரைத் தேர்வு செய்வது என்பது சில நிர்வாகிகளின் விருப்பம். அங்கே பாகுபாடு வேலை செய்தாலும் தடயம் விட்டுச் செல்லாது. ராபின்சனுடன் ஓ'ரீயை ஒப்பிடுவதில் உள்ள சிக்கலும் இதுவே. ராபின்சன் நுழைந்த சில மாதங்களிலேயே வேறு பேஸ்பால் அணிகளும் கறுப்பின வீரர்களைச் சேர்க்கத் தொடங்கின. அவருக்குப் பின்னால் ஒரு திட்டமும், அதை முன்னெடுத்த நிர்வாகியும் இருந்தனர். ஹாக்கியில் அப்படி எதுவும் நிகழவில்லை. ஓ'ரீ கடைசியாக ஆடிய 1961-க்குப் பிறகு அடுத்த கறுப்பின வீரரான மைக் மார்சன் வாஷிங்டன் அணிக்காகக் களமிறங்கியது 1974-இல். இடையில் 13 ஆண்டுகள்.

மேற்குக் கரையில் மறுவாழ்வு

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் அப்போது வெஸ்டர்ன் ஹாக்கி லீக் என்ற தொழில்முறை லீக் இருந்தது. தரத்தில் என்எச்எல் லீக்குக்கு அடுத்த படி. (இப்போது அதே பெயரில் உள்ளது வேறு, இளையோருக்கான லீக்.) லாஸ் ஏஞ்சலிஸ் அணியின் பயிற்சியாளர் ஆல்ஃப் பைக், ஓ'ரீயை இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு மாற்றினார். கண் விஷயம் அவருக்கும் தெரியாது.

அந்த மாற்றம் எல்லாவற்றையும் மாற்றியது. வலது விளிம்பில் ஆடும்போது ஆட்டம் முழுவதும் இடப்பக்கம் விரிந்தது, அதாவது பார்வை உள்ள கண்ணின் பக்கம். தலையைத் தோள்பட்டை வரை திருப்ப வேண்டிய அவசியம் போயிற்று. வட்டு வருவது தெரிந்தது. 1964-65 பருவத்தில் 38 கோல்கள் அடித்தார். 1968-69 பருவத்தில் சான் டியேகோ கல்ஸ் அணிக்காக மீண்டும் 38. அந்த லீக்கில் மட்டும் அவர் அடித்த கோல்கள் 300-க்கும் மேல். முடிக்கத் தெரியாதவர் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டவரின் கணக்கு இது. பாஸ்டனில் யாராவது அவரை வலது ஓரத்தில் ஆட விட்டிருந்தால் என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை. ஆனால் அப்படி மாற்றுமாறு அவர் கேட்டிருந்தால், ஏன் என்று அவர்கள் கேட்டிருப்பார்கள்.

1967-இல் என்எச்எல் 12 அணிகளாக விரிந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கும் கிங்ஸ் என்ற புதிய அணி கிடைத்தது. அதன் வருகையால் பிளேட்ஸ் அணி மறைந்தது. 120 ஆக இருந்த இடங்கள் இரட்டிப்பான அந்த ஆண்டில், அதே நகரில் ஆறு ஆண்டுகள் கோல் குவித்திருந்த 31 வயது ஓ'ரீயை எந்த அணியும் அழைக்கவில்லை. அவர் சான் டியேகோ சென்றார். கல்ஸ் அணியில் 1974 வரை, அந்த லீக் கலைக்கப்படும் வரை ஆடினார். 1978-79 பருவத்தில் சான் டியேகோ ஹாக்ஸ் அணிக்காகக் கடைசியாகக் களமிறங்கியபோது அவருக்கு வயது 43.

இந்தக் காலம் முழுவதும் வலது கண் இருண்டே இருந்தது.

இரண்டாவது அழைப்பு

ஓய்வுக்குப் பிறகு பல வேலைகள் பார்த்தார். சான் டியேகோ அருகே கொரோனாடோவில் உள்ள ஹோட்டல் ஒன்றில் பாதுகாப்புப் பணியில் இருந்தார். 1990-களில் என்எச்எல் மீண்டும் அவரைத் தேடி வந்தது. ஹாக்கி வாய்ப்பு எட்டாத குடும்பங்களின் பிள்ளைகளிடம் அந்த விளையாட்டைக் கொண்டு செல்லும் திட்டத்தின் இளையோர் மேம்பாட்டுப் பொறுப்பு 1998-இல் அவருக்கு வழங்கப்பட்டது. ஊர் ஊராகச் சென்று பள்ளிகளிலும் பனித்தளங்களிலும் பிள்ளைகளைச் சந்தித்தார். இத்திட்டத்தின் மூலம் பயன்பெற்றவர்கள் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல் என்பது லீக் தரும் கணக்கு.

ஹாக்கிக்கு வரும் பிள்ளைகளுக்குத் தடையாக நிற்பது நிறம் மட்டும் அல்ல, செலவும்தான். சறுக்குக் காலணி, மட்டை, கவசங்கள், பனித்தள வாடகை எல்லாம் சேர்ந்தால் நடுத்தரக் குடும்பங்களே தயங்கும் தொகையாகும். தந்தை வீட்டின் பின்புறம் தண்ணீர் பாய்ச்சிக் கொடுத்த பனித்தளத்தில் கற்ற ஒருவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2018-இல் ஹாக்கி புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது. சேர்க்கப்பட்டது வீரர் என்ற பிரிவில் அல்ல, விளையாட்டை வளர்த்தவர் என்ற பிரிவில். 45 ஆட்டங்களைக் கொண்டு வீரர்கள் பட்டியலில் இடம் தர அதன் அளவுகோல் இடம் கொடுக்காது. பிரெடெரிக்டன் நகரம் 2008-இல் தனது பனித்தள அரங்குக்கு 'வில்லி ஓ'ரீ பிளேஸ்' என்று பெயர் சூட்டியது. கனடாவின் உயரிய குடிமக்கள் விருதான ஆர்டர் ஆஃப் கனடாவும் அவருக்கு வழங்கப்பட்டது.

கிராண்ட் ஃபூர், ஜரோம் இகின்லா போன்ற கறுப்பின நட்சத்திரங்கள் இடைப்பட்ட ஆண்டுகளில் கோப்பைகளையும் விருதுகளையும் வென்று, புகழ் மண்டபத்தின் வீரர்கள் பிரிவிலேயே இடம்பெற்றனர். ஆனால் பனித்தளத்துக்கு வெளியே மாற்றம் மெதுவாகவே நடக்கிறது. 2022 அக்டோபரில் என்எச்எல் முதன்முறையாக வெளியிட்ட தனது ஊழியர் கணக்கெடுப்பில், லீக்கிலும் அணி நிர்வாகங்களிலும் பணியாற்றுவோரில் 83.6 சதவீதம் பேர் வெள்ளையர் எனத் தெரியவந்தது.

கண்ணைப் பற்றிய விதி முற்றிலும் மறையவில்லை, ஆனால் அளவுகோலாக மாறியுள்ளது. 2000-இல் மட்டை பட்டு ஒரு கண்ணில் பெரும் பாதிப்படைந்த டொரன்டோ வீரர் பிரையன் பெரார்ட், பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் காண்டாக்ட் லென்ஸ் உதவியுடன் லீக் கோரும் குறைந்தபட்சப் பார்வையை எட்டி மீண்டும் ஆடினார். 1979 முதல் புதிய வீரர்களுக்குத் தலைக்கவசமும், 2013-14 பருவம் முதல் புதியவர்களுக்கு முகக்கண்ணாடியும் கட்டாயமாக்கப்பட்டுள்ளன.

பாஸ்டனில் 22-ஆம் எண் கூரைக்கு ஏறிய இரவில் ஓ'ரீ அரங்கில் இல்லை. கொரோனா பரவல் காரணமாக அவரால் பயணம் செய்ய முடியவில்லை. அவர் முதன்முதலில் களமிறங்கிய நாளின் 64-ஆம் ஆண்டு நிறைவு அது. தமது எண் மேலே ஏறுவதை அவர் தொலைவிலிருந்து காணொலி வழியாகப் பார்த்தார். அடுத்த இரு வாரங்களுக்குள், ஜனவரி 31-ஆம் தேதி, தங்கப் பதக்க மசோதாவில் அதிபர் ஜோ பைடன் கையெழுத்திட்டார்.